ஒரு கை போனது. நோபல் பரிசு வந்தது!

காரைக்கால் பகுதியில் உள்ள ஊர் குரும்பகரம். காவிரியின் கடைமடை. நெல் விளையும் பூமி.

அங்கே ஒரு மாட்டுத் தொழுவத்துக்குள் விடியற்காலையில் நுழைந்து பாருங்கள். குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறும். கண் கூடக் கரிக்கும்.

மாடு அப்போதுதான் விட்ட சிறுநீரில் அந்த நெடி அவ்வளவாக இருக்காது. இரவெல்லாம் தரையில் ஊறிக் கிடந்த பிறகுதான் அது கிளம்பும். இது ஏன்?

சிறுநீரில் யூரியா என்ற பொருள் இருக்கிறது. வயலுக்கு மூட்டை மூட்டையாக வாங்கித் தூவுகிறோமே, அதே யூரியாதான். தரையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இந்த யூரியாவை உடைக்கின்றன. உடைந்ததும் அம்மோனியா என்ற வாயு வெளிவருகிறது. மூக்கைத் துளைப்பது அந்த வாயுதான்.

கிருமிகளிடம் கத்தி கிடையாது, உலக்கை கிடையாது. பிறகு எதைக் கொண்டு உடைக்கின்றன?

அவற்றினிடம் யூரியேஸ் என்ற பொருள் இருக்கிறது. அது ஒரு என்சைம். தமிழில் நொதி என்கிறோம்.

யூரியாவைத் தண்ணீரில் கரைத்துச் சும்மா வைத்தால், அது தானாக உடைவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். யூரியேஸ் இருந்தால் கண் இமைக்கும் நேரம் போதும். வேலையை முடித்த பிறகும் யூரியேஸ் தேய்ந்து போகாது. அடுத்த யூரியாவை உடைக்கப் போய்விடும்.

இப்படிப்பட்ட நொதிகள் எங்கும் இருக்கின்றன. ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள நொதி, சோற்று மாவை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறார்களே, அங்கே கறியை மெதுவாக்குவதும் ஒரு நொதிதான்.

நொதிகள் செய்யும் வேலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நொதி என்பது என்ன பொருள்? அது யாருக்கும் தெரியவில்லை. 1926-ம் ஆண்டு வரையில், எந்த நொதியையும் சுத்தமான படிகமாகப் பிரித்து எடுத்தவர் உலகத்திலேயே கிடையாது.

முதன் முதலில் பிரித்துக் காட்டியவர் ஓர் அமெரிக்கர். அவருக்கு ஒரு கை இல்லை!

அவர் பெயர் ஜேம்ஸ் சம்னர்.

துப்பாக்கி வெடித்தது

சம்னர் 1887-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள கான்டன் அவருடைய ஊர். வசதியான குடும்பம். அப்பாவுக்குப் பெரிய பண்ணை இருந்தது. உறவினர்களுக்குப் பருத்தி ஆலைகள் இருந்தன.

பையனுக்குப் பள்ளிக்கூடப் பாடம் கசந்தது. பௌதிகமும் ரசாயனமும் மட்டும் பிடித்தன. மற்றபடி துப்பாக்கி, வேட்டை இவைதான் அவருக்கு உயிர்.

அந்த வேட்டையே அவருக்கு வினையாக வந்தது.

அப்போது சம்னருக்கு வயது 17. பறவை வேட்டைக்குப் போனார். கூட வந்தவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு சம்னரின் இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

சம்னர் இடது கைப் பழக்கம் உள்ளவர். எந்த வேலைக்கும் அவருக்கு முதலில் நீளுவது இடது கைதான். அந்தக் கையே போய்விட்டது.

வேறொரு பையனாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பான். சம்னர் உட்காரவில்லை. வலது கையைப் பழக்கத் தொடங்கினார். குழந்தை போலப் புதிதாக எழுதக் கற்றார். அதோடு விட்டாரா? பனிச்சறுக்கு விளையாடினார். பில்லியர்ட்ஸ் ஆடினார். டென்னிஸ் ஆடினார். தன்னை ஊனமாக்கிய துப்பாக்கியையும் அவர் வெறுக்கவில்லை. ஒற்றைக் கையால் குறி பார்த்துச் சுடவும் பழகிக்கொண்டார்.

வக்கீலாகப் போகும்படி யோசனை

1906-ம் ஆண்டு சம்னர் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1910-ம் ஆண்டு பட்டம் பெற்றார். மாமா வீட்டு ஆலையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். மனம் ஒட்டவில்லை. கல்லூரிகளில் ஆசிரியராக இருந்து பார்த்தார். பிறகு 1912-ம் ஆண்டு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி வந்தார். உயிர்களின் உடம்பில் நடக்கும் ரசாயன மாறுதல்களை ஆராய விரும்பினார்.

அங்கே ஓட்டோ ஃபோலின் என்ற பெரிய பேராசிரியர் இருந்தார். அவர் சம்னரின் கையைப் பார்த்தார். ரசாயனத்தில் ஒற்றைக் கைக்காரர் முன்னுக்கு வர முடியாது என்றும், சட்டம் படித்து வக்கீலாகப் போவது நல்லது என்றும் யோசனை சொன்னார்.

ஃபோலின் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரசாயனச் சாலையில் குப்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். மூடியைத் திறக்க இன்னொரு கை வேண்டும். கொதிக்கும் திரவத்தை ஊற்றும்போது கை தவறினால் ஆபத்து. அந்தக் கவலையில்தான் சொன்னார்.

சம்னர் கேட்கவில்லை. ஃபோலினிடமே இருந்து வேலை செய்தார். 1914-ம் ஆண்டு டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

உடம்பில் யூரியா எப்படி உண்டாகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அன்று பிடித்த யூரியா அவரை விடவே இல்லை.

பட்டம் பெற்ற கையோடு சம்னர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். அப்போது முதல் உலகப் போர் மூண்டது. ஊருக்குத் திரும்ப முடியாமல் ஸ்விட்சர்லாந்தில் மாட்டிக்கொண்டார். அங்கே அவருக்கு ஒரு தந்தி வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியர் வேலை காத்திருப்பதாகத் தந்தி சொன்னது. இத்தாக்கா என்ற ஊருக்குப் போய் அவர் வேலையில் சேர்ந்தார்.

அவரை விதை கிடைத்தது

கார்னெலில் பாடம் நடத்தும் வேலை அதிகம். ஆராய்ச்சிக்கு நேரம் குறைவு, பணம் குறைவு, கருவிகளும் குறைவு. இந்த நிலையில் மற்றவர்கள் சின்ன ஆராய்ச்சியாகப் பார்த்து எடுப்பார்கள். சம்னர் மலையைப் பெயர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

1917-ம் ஆண்டு அவர் ஒரு முடிவு செய்தார். ஏதாவது ஒரு நொதியைச் சுத்தமாகப் பிரித்து எடுப்பது என்று தீர்மானித்தார்.

எந்த நொதியை எடுப்பது? ஆங்கிலத்தில் ஜாக் பீன் எனப்படும் ஓர் அவரை உண்டு. நம் ஊர் வேலிகளில் காய்க்கும் வாளவரை, தம்பட்டங்காய் இனத்தைச் சேர்ந்தது. அதன் விதை வெள்ளையாக, பெரிதாக இருக்கும். அந்த விதையில் யூரியேஸ் ஏராளமாக இருந்தது. தொழுவத்துக் கிருமி செய்யும் வேலையை அந்த விதை மாவும் செய்யும். யூரியா கரைத்த நீரில் மாவைப் போட்டால் அம்மோனியா வரும்.

விதை மலிவு. யூரியாவோ அவருக்குப் பழகிய பொருள். ஆகவே சம்னர் யூரியேஸைத் தேர்ந்தெடுத்தார்.

விதையை மாவாக்கினார். மாவில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் யூரியாவில் போட்டுப் பார்த்தார். 1919-ம் ஆண்டு அழகான படிகங்கள் கிடைத்தன. ஆவலோடு சோதித்தார். ஏமாற்றம்! அவை விதையில் இருந்த வேறு புரதங்கள். யூரியேஸ் இல்லை.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

கேலி செய்தார்கள்

1921-ம் ஆண்டு சம்னருக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கிடைத்தது. பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான் எஃப்ராங் என்ற நொதி நிபுணர் இருந்தார். அவரிடம் போய் வேலை செய்ய சம்னர் விரும்பினார். யூரியேஸைத் தனியாகப் பிரிக்கும் எண்ணமே சிரிப்புக்கு இடமானது என்று அந்த நிபுணர் நினைத்தார். திட்டம் கைவிடப்பட்டது.

சம்னர் இத்தாக்காவிலேயே வேலையைத் தொடர்ந்தார்.

விதை மாவைச் சாராயம் கலந்த நீரில் ஊற வைத்து, வடிகட்டிக் குளிர வைத்தால் பயன் இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அவருடைய சோதனைச்சாலையில் ஐஸ் பெட்டி கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? குப்பிகளை ஜன்னலுக்கு வெளியே திண்டில் வைத்தார். இரவு நன்றாகக் குளிர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார். நம் ஊரில் மழைக்கு வேண்டுவது போல அவர் குளிருக்கு வேண்டினார்!

ஒன்று, இரண்டு என்று 9 ஆண்டுகள் ஓடின.

கற்கண்டு போல ஒரு துளி

1926-ம் ஆண்டு சம்னர் ஒரு சிறிய மாற்றம் செய்தார். சாராயத்துக்குப் பதிலாக அசிட்டோனைச் சேர்த்தார்.

அசிட்டோன் என்பது நகச்சாயத்தை அழிக்கப் பெண்கள் பயன்படுத்தும் திரவம். சட்டென்று ஆவியாகும். இதையும் சாராயம், பென்சீன் போன்றவற்றையும் கரிமக் கரைப்பான்கள் என்பார்கள். நொதிகளுக்கு இவை பொதுவாக எதிரிகள். நொதி தண்ணீரில் வாழப் பிறந்தது. இந்தத் திரவங்கள் மிஞ்சினால் நொதி உருக்குலையும். ஆனால் அளவாகச் சேர்த்துக் குளிரில் வைத்தால், அது கெடாமல் மெல்ல ஒதுங்கிச் சேரும்.

அளவுதான் ரகசியம். நீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அசிட்டோன் கலந்தார். அதில் விதை மாவைக் கலக்கி, வடிகட்டி, இரவு முழுவதும் குளிரில் வைத்தார்.

மறுநாள் வந்தார். ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

சின்னஞ்சிறு படிகங்கள்! நிறமில்லாத, எட்டு முகம் கொண்ட படிகங்கள்!

சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு எடுப்பது நமக்குத் தெரியும். பாகில் அழுக்கு இருந்தாலும் கற்கண்டு சுத்தமாக விளையும். ஒரே பொருளின் அணுக்கூட்டங்கள் ஒழுங்காக அடுக்கி நிற்பதால்தான் படிகம் உண்டாகிறது. ஆகவே படிகம் கிடைத்தால் பொருள் சுத்தமாகக் கிடைத்துவிட்டது என்று நம்பலாம்.

சம்னர் படிகங்களைப் பிரித்தெடுத்தார். நீரில் கரைத்தார். யூரியாவில் விட்டார். அம்மோனியா அபாரமாக வந்தது. அதுவரை அவர் கண்ட எந்தக் கரைசலும் அப்படி வேலை செய்ததில்லை.

அவர் மனைவிக்குப் போன் செய்தார். உலகத்தில் முதன் முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிவிட்டதாகச் சொன்னார்.

படிகம் என்ன பொருள் என்று பார்த்தார். அது புரதம். பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கும் அதே இனத்துப் பொருள். நொதி என்பது ஏதோ மாய சக்தி அல்ல. கையில் எடுக்கக்கூடிய புரதம் என்று தெரிந்தது.

யாரும் நம்பவில்லை

இவ்வளவு பெரிய செய்தி கேட்டு உலகம் மாலை போட்டதா? இல்லை.

ஜெர்மனியில் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் என்ற மேதை இருந்தார். 1915-ம் ஆண்டே நோபல் பரிசு வாங்கியவர். நொதிகள் புரதம் அல்ல என்பது அவருடைய கொள்கை. அவரைச் சேர்ந்தவர்களும் அதையே சொன்னார்கள். உண்மையான நொதி வேறு ஏதோ நுண்பொருள் என்றும், அது புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் வாதாடினார்கள்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் அல்லவா? சம்னர் நாரைப் பிடித்துக்கொண்டு பூ என்கிறார் என்பதே அவர்கள் வாதம்.

பெயர் பெற்ற மேதைகள் ஒரு பக்கம். சின்ன ஊரில் இருக்கும் ஒற்றைக் கை ஆசிரியர் இன்னொரு பக்கம். உலகம் யாரை நம்பும்?

சம்னர் சண்டை போட்டார். கோபத்தால் அல்ல, பரிசோதனையால். படிகத்தைக் கரைத்து மறுபடியும் படிகமாக்கினார். சக்தி கூடவே வந்தது. புரதத்தைச் சிதைத்தார். சக்தியும் போயிற்று. நாரும் பூவும் வேறு வேறாக இருந்தால் ஒரு தடவையாவது பிரிந்திருக்க வேண்டும். பிரியவே இல்லை.

1930-ம் ஆண்டு இன்னொரு அமெரிக்கர் துணைக்கு வந்தார். அவர் பெயர் ஜான் நார்த்ராப். வயிற்றில் உணவைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியை அவர் படிகமாக்கினார். அதுவும் புரதமாகவே இருந்தது. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக நொதிகள் படிகமாயின. எதிர்ப்பு அடங்கிற்று.

1937-ம் ஆண்டு சம்னர் மாட்டு ஈரலிலிருந்து கேடலேஸ் என்ற நொதியையும் படிகமாக்கினார். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்தை விட்டால் நுரை பொங்குகிறதே, அதைப் பொங்க வைப்பது கேடலேஸ்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் மறுபடியும் வரும்.

1946-ம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பாதிப் பரிசு சம்னருக்கு. மறு பாதி, நார்த்ராப்புக்கும் வெண்டல் ஸ்டான்லி என்பவருக்கும். அவரை விதை அகப்பட்டு 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது சம்னருக்கு வயது 59 நடந்துகொண்டிருந்தது.

1955-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி, பஃபலோ என்ற நகரில் சம்னர் காலமானார். அவருக்கு வயது 67.

பென்சீனில் நீந்திய நொதி

சம்னர் மறைந்தார். அவர் திறந்த கதவு மூடவில்லை.

நொதி ஒரு பொருள் என்று தெரிந்துவிட்டது. பொருள் என்றால் அதைத் தொட்டுத் திருத்தலாம். வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு தொல்லை இருந்தது. மருந்து, வாசனைப் பொருள், எண்ணெய் முதலியவற்றில் பல, தண்ணீரில் கரையாது. பென்சீன் போன்ற திரவத்தில்தான் கரையும். அங்கே நொதி போனால் கரையாமல் கட்டி தட்டிவிடும்.

இதற்கு வழி என்ன? பாலிமர் வழி காட்டிற்று.

பாலிமர் என்றால், சிறு சிறு அணுக்கூட்டங்கள் மணிமாலை போலக் கோத்த நீண்ட சங்கிலி. காரைக்கால் மீனவரின் நைலான் வலை பாலிமர். பிளாஸ்டிக் குடமும் பாலிமர். பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற ஒரு பாலிமருக்கு அருமையான குணம் உண்டு. அது தண்ணீரிலும் கரையும், பென்சீனிலும் கரையும். இரண்டு வீட்டுக்கும் உறவு.

1977-ம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சங்கிலியை ஒரு நொதியின் மேல் ஒட்டினார்கள். அதனால் அந்த நொதி உடம்பின் எதிர்ப்புக்குத் தப்பி, ரத்தத்தில் நெடுநேரம் நின்றது. 1984-ம் ஆண்டு ஜப்பானில் யூஜி இனாடாவும் அவரைச் சேர்ந்தவர்களும் அதே சங்கிலியை ஒரு நொதியில் ஒட்டிப் பென்சீனில் போட்டார்கள். நொதி கரைந்தது. அது மட்டுமா? வேலையும் செய்தது!

இருவரும் எடுத்த நொதி எது தெரியுமா? சம்னர் படிகமாக்கிய அதே கேடலேஸ்தான்.

நாற்று முடிச்சை வெயிலில் எடுத்துப் போகும்போது ஈரச் சாக்கைப் போர்த்துகிறோம். நாற்று வாடுவதில்லை. அது போலப் பாலிமர் சங்கிலி நொதியைப் போர்த்தி நிற்கிறது. உயிர் நிலைக்க வேண்டிய கொஞ்சம் ஈரத்தைக் காக்கிறது.

அதே 1984-ம் ஆண்டு அமெரிக்காவில் அலெக்சாண்டர் கிளிபனோவ் இன்னொரு வியப்பைக் காட்டினார். கொழுப்பை உடைக்கும் ஒரு நொதியை, ஈரம் மிகக் குறைந்த கரிமத் திரவத்தில், தண்ணீர் கொதிக்கும் சூட்டில் வேலை செய்ய வைத்தார். தண்ணீரில் உடைக்கும் நொதி, தண்ணீர் குறைந்த இடத்தில் ஒட்டிச் சேர்க்கவும் செய்யும். அதனால் புதிய பொருள்களை உண்டாக்க வழி பிறந்தது.

சங்கிலி ஒட்டிய நொதி மருந்தாகவும் வந்தது. குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அப்படிப்பட்ட நொதி மருந்து ஒன்று 1994-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி குத்தும் தடவைகள் குறைந்தன. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

மறுபடியும் குரும்பகரம்

யூரியேஸ் இன்றைக்கும் நம் வயலில் வேலை செய்கிறது. தூவிய யூரியாவை அது உடைத்தால்தான் பயிருக்குத் தழைச்சத்து சரிவரக் கிடைக்கும். ஆனால் அது அவசரப்பட்டு உடைத்தால், அம்மோனியா காற்றோடு போய்விடும். விவசாயியின் காசும் அதோடு போய்விடும். தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியும் வீணாகும் உரம்தான்.

அதனால்தான் யூரியேஸின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தியாவில் செய்யும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ம் ஆண்டு அரசு உத்தரவு போட்டது. வேம்பு பூசிய யூரியா மண்ணில் மெதுவாக மாறுகிறது. சத்து வீணாவது குறைகிறது.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஒரு கிருமியும் யூரியேஸை வைத்துத்தான் வயிற்று அமிலத்தில் பிழைக்கிறது. நோயாளிக்குச் சிறிது யூரியா கொடுத்து, அவர் விடும் மூச்சைச் சோதித்தே அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கிறார்கள். வயிற்றுக்குள் குழாய் விட வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமல் போகிறது.

வயல், தொழுவம், மருத்துவமனை எல்லா இடத்திலும் சம்னர் கண்ட உண்மை வேலை செய்கிறது.

ரசாயனத்துக்கு இரண்டு கை வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு சம்னர் வக்கீலாகப் போயிருந்தால், கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். அவர் இருந்த ஒரு கையால் அவரை விதையை எடுத்தார். 9 ஆண்டுகள் விடவில்லை.

உங்கள் வீட்டு வேலியில் வாளவரை காய்த்திருந்தால், ஒரு விதையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இந்தக் கதையையும் சொல்லுங்கள்.